நீர்ச்சுழல் கேலக்ஸி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியலில் ஆர்வம் உள்ளவன் என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி "இது நிஜமா?" என்று கேட்பார். பெரிய சக்கரம் ஒன்று இரண்டு கைகளை விரித்துச் சுழல்கிறது. ஒரு கையின் நுனியில் மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை. பத்தில் நான்கு முறை அந்தப் படம் எம் 51 என்கிற நீர்ச்சுழல் கேலக்ஸியாகத்தான் இருக்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில், இது வானத்தில் எங்கே இருக்கிறது?

சப்தரிஷி மண்டலம் தெரியும் அல்லவா? ஏழு நட்சத்திரங்கள், பெரிய கரண்டி வடிவம். கரண்டிப் பிடியின் கடைசி நட்சத்திரம் மரீசி. மரீசிக்குப் பக்கத்தில், கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம் தள்ளி, எம் 51 இருக்கிறது. வானியலாளர்களின் எல்லைக்கோட்டின்படி அது சப்தரிஷிக்குள் வராது. பக்கத்து வீடான 'வேட்டை நாய்கள்' என்ற சின்ன மண்டலத்தில் சேரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

கேலக்ஸி என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

விண்மீன் திரள், விண்மீன் மண்டலம், உடுத்திரள், பேரடை என்று பல சொற்கள் உண்டு. இலங்கை நண்பர்கள் பேரடை என்பார்கள். விண்மீன் மண்டலம் என்றால் சப்தரிஷி போன்ற நட்சத்திரக் கூட்டத்தோடு குழம்பிவிடுகிறது. எனவே இங்கே கேலக்ஸி என்றே எழுதுகிறேன்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

பாரிஸில் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்த சார்ல் மெசியே. 1773 அக்டோபர் 13 அன்று. அவருக்கு இது ஒரு தொந்தரவு. மங்கலான புகைத்திட்டுகள் வால்நட்சத்திரம் போலவே தெரிந்து ஏமாற்றுவதால், 'இவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்' என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 51-ஆவது இடம் இதற்கு. எம் என்பது மெசியேவின் எம். 1781-இல் அவருடைய சகா பியர் மெஷான், திட்டு ஒன்றல்ல இரண்டு என்று கவனித்தார்.

ஆனால் சுருளைக் கண்டது அயர்லாந்தில். பர் என்ற ஊரில் ஒரு கோட்டை. அதன் சொந்தக்காரர் வில்லியம் பார்சன்ஸ், ரோஸ் பிரபு. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த, 1.8 மீட்டர் குறுக்களவும் சுமார் 3 டன் எடையும் கொண்ட கண்ணாடியைத் தன் தோட்டத்திலேயே செய்தார். தேய்த்து மெருகேற்றும் இயந்திரமும் அவர் வடிவமைத்ததுதான். இரண்டு பெரிய மதில்களுக்கு நடுவே அந்தக் கண்ணாடியைப் பொருத்திய தொலைநோக்கிக் குழாயைக் கயிறும் சங்கிலியும் போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். மதில் இருப்பதால் பக்கவாட்டில் அதிகம் திருப்ப முடியாது. பொருள் தானாக நகர்ந்து முன்னால் வரும் வரை காத்திருக்க வேண்டும். 1845 வசந்தத்தில் அதன் வழியே எம் 51-ஐப் பார்த்தவர் சுருள் கைகளைக் கண்டு கையால் வரைந்தார். இவ்வளவு மங்கலான ஒளியைப் பதியும் கேமரா அன்று இல்லை; கண், பென்சில், ஓர் ஏணி. அந்த ஓவியத்தை இன்றைய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைகளின் வளைவும் துணைக் கேலக்ஸியின் (அந்த மஞ்சள் உருண்டையின்) இடமும் வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கின்றன.

அதே ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. ரோஸ் பிரபு நிவாரண வேலைகளில் இறங்கியதால், உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி சில காலம் சும்மா கிடந்தது.

சுருளைப் பார்த்ததுமே இது நம்முடையதைப் போன்ற இன்னொரு கேலக்ஸி என்று புரிந்துவிட்டதா?

இல்லை. அதற்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. நடுவில் ஒரு நல்ல ஆய்வாளர் தவறான பாதையில் கூட்டிப் போனார்.

அட்ரியான் வான் மானன் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை ஒப்பிட்டு, எம் 101, எம் 51 போன்ற சுருள்களுக்குள் இருக்கும் புள்ளிகள் நகர்ந்திருக்கின்றன என்று 1916 முதல் எழுதிவந்தார். அவர் கணக்கில் ஒரு சுற்றுக்குச் சில பல்லாயிரம் ஆண்டுகளே ஆகும். இது உண்மை என்றால் சுருள்கள் அருகில்தான் இருக்க வேண்டும். மிகத் தொலைவில் இருந்துகொண்டு அவ்வளவு நகர்வு காட்டினால், அந்த நட்சத்திரங்கள் ஒளியை மிஞ்சும் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். 1920-இல் ஷாப்லி, கர்டிஸ் என்ற இரண்டு வானியலாளர்கள் வாஷிங்டனில் நடத்திய பெயர்பெற்ற விவாதத்தில், 'எல்லாம் நம் கேலக்ஸியான பால்வழிக்குள்தான்' என்ற ஷாப்லி தரப்புக்கு இது பெரிய பலம்.

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் (விண்வெளித் தொலைநோக்கிக்கு இவர் பெயர்தான்) ஆண்ட்ரோமீடா என்ற சுருளில் செஃபீட் வகை மாறும் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தார். அதன் துடிப்புக் காலத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டதில் அது பால்வழிக்கு வெகு அப்பால் இருந்தது. வழக்கு அங்கேயே முடிந்தது. வான் மானன் அளந்த நகர்வு அவரையறியாமல் அளவீட்டில் புகுந்த பிழை. 1935-இல் ஹப்பிள் தகடுகளை மறுபடி அளந்து பார்த்தபோது அந்த நகர்வு இல்லை. வான் மானன் பொய் சொன்னவர் அல்லர். தகட்டில் தலைமுடி அளவுக்கும் குறைவான நகர்வைத் தேடும்போது எதிர்பார்ப்பும் சேர்ந்து அளக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு தூரம்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போடுகிறார்களே?

நியாயமான புகார். 2.3 கோடி ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்) என்று ஓரிடத்தில், 3.1 கோடி என்று இன்னோரிடத்தில் பார்ப்பீர்கள். யாரும் கதை விடவில்லை. அளந்த முறைகள் வேறு.

ராத்திரியில் வயல் நடுவே தூரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை பல்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 40 வாட் பல்பு என்று உறுதியாகத் தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால், கிட்டே இருக்கும் சின்ன பல்பா, தள்ளி இருக்கும் பெரிய பல்பா என்று குழப்பம்தான். கேலக்ஸிக்குள் 'வாட் எழுதியிருக்கும் பல்பு' எது என்பதில்தான் தூர அளவீட்டின் மொத்தச் சண்டையும்.

எம் 51-க்கு எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பல்பு, செம்பெருவிண்மீன்கள். சூரியன் போன்ற நட்சத்திரம் வயதாகிச் சிவந்து வீங்கும்போது மேலும் மேலும் பிரகாசமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதன் மையத்தில் ஹீலியம் பற்றிக்கொள்ளும். அதோடு வெளிச்சம் இறங்கிவிடும். அந்த உச்சம் எல்லாப் பழைய நட்சத்திரங்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, சூரியனைப் போல் சுமார் இரண்டாயிரம் மடங்கு. எனவே கேலக்ஸியின் நெரிசல் இல்லாத ஓரத்தில் ஆயிரக்கணக்கான சிவப்பு நட்சத்திரங்களை ஹப்பிளால் படமெடுத்து, பிரகாச வரிசையில் அடுக்கினால், ஓரிடத்தில் எண்ணிக்கை சட்டென்று விழும். அந்த விளிம்புதான் 40 வாட். 2016-இல் இந்த முறையில் கிடைத்த எண் 2.8 கோடி ஒளியாண்டு. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

தூரம் மாறினால் அளவும் மாறும் என்பதைக் கவனியுங்கள். எம் 51 வானத்தில் சுமார் 11 கலை (ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நீளம், நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. 11-ஐ 3,438-ஆல் (கலைக் கணக்கை நீளக் கணக்காக்கும் எண்) வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் உண்மையான அகலம். 2.8 கோடி என்றால் கிட்டத்தட்ட 90,000 ஒளியாண்டு. 2.3 கோடி என்றால் 74,000-கூட வராது. ஒரே படம், ஒரே கேலக்ஸி. தூரத்தை மாற்றியதும் ஊர் சுருங்கிவிட்டது.

செம்பெயர்ச்சியை வைத்துத் தூரம் சொல்ல முடியாதா?

இவ்வளவு கிட்டத்தில் அது சரிப்படாது. எம் 51 நம்மை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. அதன் நிறமாலைக் கோடுகள் அந்த அளவுக்குச் சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கின்றன. தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்ற ஹப்பிள் விதியில் போட்டால் 2.1 கோடி ஒளியாண்டு என்று வரும், அதாவது கால்பங்கு குறைவு. காரணம், பக்கத்துக் கேலக்ஸிகளின் ஈர்ப்பில் வரும் சொந்த ஓட்டமும் அந்த 460-இல் கலந்திருக்கிறது. பிரபஞ்ச விரிவால் மட்டும் வருவது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவற்றுக்கு இந்தச் சொந்த ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை.

படத்தில் இருக்கும் நிறங்கள் நிஜமா, வண்ணம் பூசியதா?

பாதிக்குப் பாதி என்றுதான் சொல்ல வேண்டும். ஹப்பிளின் கேமராவுக்கு நிறம் தெரியாது; கறுப்பு வெள்ளை மட்டும். 2005 ஜனவரியில் எம் 51-ஐ ஆறு துண்டுகளாக, நான்கு வடிகட்டிகள் வழியே எடுத்தார்கள். ஒன்று நீலம், ஒன்று பச்சை கலந்த மஞ்சள், ஒன்று கண்ணுக்கு எட்டும் சிவப்பைத் தாண்டிய பகுதி, நான்காவது ஹைட்ரஜன் வாயு ஒளிரும் 656 நானோமீட்டர் மட்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து மேலே மேலே அடுக்கினார்கள்.

ஆக, நீலமாகத் தெரியும் இடம் உண்மையிலேயே நீல ஒளி அதிகம் விடும் இடம்: சூடான, இளம் நட்சத்திரங்கள். மையத்தின் மஞ்சள் உண்மையிலேயே வயதான நட்சத்திரங்கள். கைகள் நெடுக ரோஜாப்பூ தூவியதுபோல் இருக்கும் திட்டுகள், புது நட்சத்திரங்கள் பிறந்து சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஒளிர வைக்கும் இடங்கள். கண்ணால் நேரில் பார்த்தால் இந்த அடர்த்தி தெரியாது, சாம்பல் நிறத் திட்டுதான்.

சுழன்றுகொண்டே இருக்கிறது என்றால் கைகள் ஏன் நூல்கண்டு மாதிரிச் சுற்றிக்கொள்ளவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உள்ளே இருக்கும் நட்சத்திரங்கள் சீக்கிரம் ஒரு சுற்று முடிக்கும். வெளியே இருப்பவற்றுக்கு நேரம் பிடிக்கும். கை என்பது ஒரே நட்சத்திரங்களால் ஆன கயிறு என்றால், சில சுற்றுகளிலேயே இறுகிச் சுருண்டு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அப்படிப் போகவில்லை. ஆகவே கை என்பது கயிறு அல்ல.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தேர் மெல்ல நகர்கிறது. அதைச் சுற்றி எந்நேரமும் நெரிசல். பின்னாலிருந்து விறுவிறுவென்று வருகிறவர் நெரிசலில் மாட்டி நடை தளர்கிறார், கும்பிடுகிறார், அப்புறம் முன்பக்கமாக வெளியே வந்து தன் வேகத்தில் போய்விடுகிறார். மாடியிலிருந்து பார்த்தால் ஒரு நெரிசல் நான்கு மாட வீதியையும் சுற்றி வருவது தெரியும். ஆனால் கிழக்கு வீதியில் நெரிசலில் இருந்த ஆட்கள் வேறு, தெற்கு வீதியில் இருப்பவர்கள் வேறு. சுருள் கை அந்த நெரிசல். நட்சத்திரங்களும் வாயுவும் அதற்குள் நுழைந்து வெளியேறுகின்றன. இதற்கு அடர்த்தி அலை என்று பெயர். 1964-இல் லின், ஷூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்காக எழுதினார்கள்.

ஹப்பிள் படத்தைப் பெரிதாக்கி ஒரு கையை உள்ளிருந்து வெளியே குறுக்காகப் பாருங்கள். முதலில் கரிய தூசுக்கோடு: வாயு நெரிசலில் நுழைந்து நசுங்கும் இடம். அடுத்து ரோஜாத் திட்டுகள்: நசுங்கிய வாயுவில் நட்சத்திரம் பிறக்கிறது. அதற்கப்பால் நீலக் கொத்துகள்: பிறந்து முடித்து வெளியே வந்தவை. நீல நட்சத்திரங்களுக்கு ஆயுள் குறைவு. நெரிசலை விட்டு வெகுதூரம் போகுமுன் இறந்துவிடும். அதனால்தான் கை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கைகளுக்கு இடையிலும் நட்சத்திரங்கள் நிறைய உண்டு. மங்கலானவை, நம் கண்ணில் படவில்லை.

அந்த மஞ்சள் உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

அப்படித் தெரிகிறது, ஆனால் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதுவும் ஒரு கேலக்ஸி, பெயர் என்.ஜி.சி. 5195. 1972-இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் அக்காலக் கணினியில் புள்ளிகளை வைத்து, ஒரு கேலக்ஸியின் பக்கத்தில் இன்னொன்று கடந்து போனால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தார்கள். ஈர்ப்பின் இழுப்பிலேயே எம் 51-ஐப் போன்ற கைகள் நீண்டு வந்தன. இவ்வளவு தெளிவான இரண்டு கைகளுக்கு இந்த விருந்தாளியின் தயவு பெரிது. பின்னால் வந்த கணினி மாதிரிகளில், அது 50 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை எம் 51-இன் வட்டை ஊடுருவிப் போயிருக்க வேண்டும் என்று வருகிறது.

தொலைநோக்கி ஒன்று போதாதா? ரேடியோ, எக்ஸ் கதிர் எல்லாம் எதற்கு?

ஒவ்வொன்றும் வேறொரு பொருளைக் காட்டுகிறது. நட்சத்திரம் பிறக்கும் குளிர்ந்த வாயு சாதாரண ஒளியில் தெரியாது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு, அதுவோ குளிரில் வாய் திறக்காது. ஆனால் அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பேசும். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கும் வானலைவாங்கிகள் (ரேடியோ தொலைநோக்கிகள்) அந்த அலையில் எம் 51-ஐ நுணுக்கமாக வரைந்திருக்கின்றன. 2023-இல் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படத்தில் தூசே ஒளிர்கிறது; சிலந்தி வலையில் ஓட்டை போட்டதுபோல், இளம் நட்சத்திரங்கள் ஊதித் தள்ளிய குமிழிகள் தெரியும். எக்ஸ் கதிரில் சந்திரா விண்கலம் பார்த்தால், கேலக்ஸி முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள். அவற்றில் பல, நியூட்ரான் நட்சத்திரமோ கருந்துளையோ பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சும் இடங்கள்.

அங்கே ஒரு கோள் கண்டுபிடித்ததாகச் சொன்னார்களே?

2021-இல் வந்த செய்தி. அந்த எக்ஸ் கதிர்ப் புள்ளிகளில் ஒன்று, 2012-இல் எடுத்த பதிவில், சுமார் மூன்று மணி நேரம் மங்கி, நடுவே அடியோடு அணைந்து, திரும்ப வந்தது. சனி அளவுள்ள ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கலாம் என்றார்கள். அது மறுபடி குறுக்கே வர எழுபது ஆண்டு போல ஆகலாம் என்பதால் சரிபார்க்க வழியில்லை. 'கோளாக இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நடுவில் கருந்துளை உண்டா?

உண்டு. அது சுற்றியுள்ள பொருளை விழுங்கி உணவருந்திக்கொண்டும் இருக்கிறது. 1992-இல் ஹப்பிள் எடுத்த மையப் படத்தில், கருந்துளை இருக்கும் இடத்துக்குக் குறுக்கே தூசு கரிய பெருக்கல் குறி போல் கிடந்தது.

இவ்வளவு தூரத்தில் ஒரு தனி நட்சத்திரத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அது வெடித்தால். எம் 51-இல் 1994, 2005, 2011 என்று பதினேழு ஆண்டுகளில் மூன்று சூப்பர்நோவா. நம் பால்வழியில் வெறும் கண்ணுக்குத் தெரிந்த கடைசி சூப்பர்நோவா 1604-இல்.

2005 ஜனவரியில் எடுத்தார்கள் என்று சொன்னேனே, அந்த ஹப்பிள் படம் ஏப்ரலில், தொலைநோக்கியின் 15-ஆம் ஆண்டையொட்டி வெளியானது. உலகம் முழுக்கச் சுவரொட்டியாகத் தொங்கியது. ஜூன் கடைசியில் எம் 51-இல் ஒரு நட்சத்திரம் வெடித்தது. உடனே வானியலாளர்கள் ஜனவரிப் படத்தை எடுத்து, வெடித்த இடத்தை அதன்மேல் துல்லியமாகப் பொருத்திப் பார்த்தார்கள். அங்கே, கண்ணுக்கு அப்பாலான சிவப்பு வடிகட்டியில் மட்டும் தெரியும்படி, மங்கலாக ஒரு புள்ளி. சூரியனைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு எடையுள்ள செம்மீபெரு நட்சத்திரம், அதாவது சிவந்து மிகப் பெரிதாக வீங்கிய ஒன்று. சாவதற்கு ஐந்து மாதம் முன்பு எடுத்த நிழற்படம், லட்சக்கணக்கானோர் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள்ளேயே இருந்தது.

2011-இல் மறுபடி. அதே ஜனவரிப் படங்களில் தேடினார்கள், இம்முறை ஒரு மஞ்சள் நட்சத்திரம் அகப்பட்டது. மஞ்சள் நட்சத்திரம் இப்படி வெடிக்குமா, பக்கத்தில் இருந்த வேறொன்று வெடித்ததா என்று சண்டை. 2013-இல் வெடிப்பின் ஒளி அடங்கியதும் ஹப்பிளைத் திருப்பிப் பார்த்தார்கள். மஞ்சள் நட்சத்திரம் அங்கே இல்லை. சண்டை தீர்ந்தது.

இந்த 2011 வெடிப்பை இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் லடாக்கின் ஹன்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியால் ஓராண்டு விடாமல் கண்காணித்தார்கள். அந்தத் தொலைநோக்கியின் பெயர் இமாலயச் சந்திரா. மேலே சொன்ன எக்ஸ் கதிர் விண்கலம் சந்திரா. இரண்டு பெயருமே சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வான் இயற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரைக் குறிப்பவை.

'சாவதற்கு ஐந்து மாதம் முன்பு' என்கிறீர்களே, ஒளி வரவே 2.8 கோடி ஆண்டு ஆகுமே?

ஆமாம். அந்த நட்சத்திரம் வெடித்தபோது இங்கே மனிதன் இல்லை. நமக்குச் செய்தி வந்து சேர்ந்த தேதியைத்தான் 2005 என்கிறோம். ஐந்து மாத இடைவெளி அங்கும் அதே ஐந்து மாதம்தான்.

நம் ஊரிலிருந்து பார்க்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் வடக்கு வானத்தில் 50 பாகைக்கு மேல் ஏறும். மே மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு நல்ல உயரம். நிலா இல்லாத நாளாக, நகர வெளிச்சம் எட்டாத இடமாகப் பாருங்கள். நல்ல பைனாகுலரில் ஒரு மங்கல் புள்ளி. 8 அங்குலத் தொலைநோக்கியில் அருகருகே இரண்டு பஞ்சுத் திட்டுகள். சுருள் தெரிய 10, 12 அங்குலமும் நல்ல இருட்டும் வேண்டும்.

முதல் தடவை ஏலகிரியில் நண்பன் ஒருவனுக்கு 8 அங்குலத்தில் காட்டினேன். "கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றான். சரியான வர்ணனை. நேராகப் பார்க்காமல், பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் இன்னும் தெளியும். விழித்திரையின் ஓரம் மங்கல் ஒளிக்குக் கூர்மை.

என்னைப் போன்றவர்கள் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

2005 வெடிப்பைக் கண்டது ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் அமெச்சூர். 2011-இல் முதலில் பிடித்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு அமெச்சூர். செய்ய வேண்டியது இதுதான்: ஒரே கேலக்ஸியை வாரா வாரம், ஒரே அமைப்பில் படமெடுத்து, போன வாரப் படத்தோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். புதுப் புள்ளி தெரிந்தால் குதிக்காதீர்கள். கேமராத் தூசா, குறுக்கே போன சிறுகோளா என்று பாருங்கள். அரை மணி கழித்து இன்னொரு படம் எடுங்கள். சிறுகோள் என்றால் இடம் மாறியிருக்கும்.